மெத்தைக்குத் தெரிந்தது

பெரியவள் ரயிலில் நன்றாகத்தான் தூங்கினாள். ஆனால் இறங்கி, முகம் கழுவி, தம்பியின் காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தத் தூக்கம் அவளை விட்டுப் போகவில்லை. கண்ணாடிக்கு வெளியே தெருக்கள் மெல்ல மிதந்து போயின. சைக்கிளில் போன ஒருவர், திறந்துகொண்டிருந்த கடை, பாதி அணைந்த விளக்குகள் எல்லாமே யாரோ காணும் கனவில் அவள் தெரியாமல் நுழைந்துவிட்டது போல இருந்தன.

"போன வாரம் போன்ல சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு. அரைத் தூக்கத்துல கேட்டேன்," என்றாள்.

சின்னவன் சிரித்தான். அப்பா ஆரம்பித்த மெத்தைக் கம்பெனி இப்போது அவன் கையில். அப்பா போன பிறகு அவன் மெத்தைக்குள் சென்சார் வைக்க ஆரம்பித்திருந்தான். படுப்பவர் எப்போது தூங்குகிறார், எத்தனை முறை புரள்கிறார், மூச்சு எப்படிப் போகிறது என்பதையெல்லாம் மெத்தை கம்பெனிக்கு அனுப்பிவிடும். அந்தத் தகவல் வேண்டும் என்று ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி வந்து நிற்கிறது. இன்று மாலை ஒப்பந்தம்.

"கையெழுத்துக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர் வந்து பாக்கணுமாம். டேட்டாவை எப்படிச் சேக்கிறோம், எதுக்குப் பயன்படுத்துறோம்னு எழுதித் தரணுமாம். உன்னை விட்டா யாரு?"

"நான் வெளியாளா?"

"கல்யாணம் ஆகிப் போனவதானே!"

"அப்படியா? சரி, வெளியாள் மாதிரியே பாக்குறேன். உன் அக்கான்னு முதல் வரியிலேயே எழுதிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

அவள் வேலையே அதுதான். கம்பெனிகள் அவளைக் கூப்பிடும். மனிதர்களைப் பற்றி அவர்கள் என்னென்ன சேர்த்து வைத்திருக்கிறார்கள், அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லிவிட்டு வருவாள். பாதிப் பேர் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

"அம்மா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. ராத்திரித் தூக்கம்தான் சரியில்ல. நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"தூக்கம் வரலைன்னு சொன்னாளா?"

"சொல்லல. எனக்குத் தெரியும்."

"உன் பொண்டாட்டி?"

அவன் கியரை மாற்றினான். "அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. வந்துருவா."



தொழிற்சாலையில் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. வெயில் விழும் இடங்களில் மட்டும் அது கண்ணுக்குத் தெரிந்தது. ஆட்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு, காலடி ஓசை கேட்காமல் நடந்தார்கள். அடுத்த கூடத்தில் வாடிக்கையாளர்கள் மெத்தைகளைப் படுத்துப் பார்க்கும் இடம். காலை நேரத்தில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முன்பின் தெரியாத நாலைந்து பேர் கண்ணை மூடி வரிசையாகக் கிடந்தார்கள். விற்பனைப் பெண்கள் அவர்கள் நடுவே கிசுகிசுவென்று பேசிக்கொண்டே போனார்கள். ஒரு தாத்தா நிஜமாகவே குறட்டை விட்டார். யாரும் எழுப்பவில்லை.

மாடியில் பொறியாளப் பெண் காத்திருந்தாள். சின்ன வயசு. தகவல் எல்லாம் அவள் பொறுப்பு. மேஜை மேல் இரண்டு திரைகள்.

"மேடம், எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?"

"மெத்தை என்னென்ன அனுப்புதுன்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம."

அவள் சொல்லச் சொல்லப் பெரியவள் எழுதிக்கொண்டாள். படுக்கும் நேரம், எழும் நேரம், புரளல், மூச்சு, இதயத்துடிப்பு, உடல் சூடு. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "எத்தனை பேர் படுத்திருக்காங்கங்கறதும் வரும் மேடம்," என்றாள்.

பெரியவளின் பேனா நின்றது. "அது எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. எடை தெரியுதில்லையா, அதுல தானா வந்துடுது. வருதேன்னு வெச்சிருக்கோம்."

"வாங்கினவங்க பேரோடயா?"

"பேர், போன் நம்பர், விலாசம் எல்லாமே."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

பொறியாளப் பெண் ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். மெத்தையின் அடிப்பக்கம் உறைக்குள் வைத்துத் தைப்பார்களாம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. பெரியவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள், கழற்றிப் பார்த்தாள்.

"மெத்தையைக் கிழிச்சாத்தான் படிக்க முடியும் போல இருக்கே?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவளாகவே ஒன்று சொன்னாள். கீழே போனில் பேசி விற்கும் பிரிவு இருக்கிறது. அவர்களும் இந்தத் திரையைப் பார்ப்பார்கள். போன மாதம் ஒரு வீட்டுக்குப் போன் செய்து, 'உங்க ரெண்டாவது ரூம்லயும் தினம் ஒருத்தர் தூங்குறாங்களே, அதுக்கும் நம்ம பெரிய மெத்தையே போட்டுக்கலாமே' என்று கேட்டிருக்கிறார்கள். போனை எடுத்தது அந்த வீட்டுப் பெண்ணின் அப்பா. மகளும் மருமகனும் தனித்தனியே படுக்கிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்ததாம்.

"அப்புறம்?"

"அந்தம்மா நேர்ல வந்தாங்க மேடம். சத்தமெல்லாம் போடல. கீழே அதே மாதிரி ஒரு மெத்தை மேல கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டுப் போயிட்டாங்க."

பெரியவள் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"திரை எப்படி இருக்கும்னு காட்டுங்க. யாரோட வீடும் வேண்டாம். சோதனைக்கு ஏதாவது வெச்சிருப்பீங்களே?"

"சோதனைக்கு நம்ம சார் வீட்டு மெத்தைதான்," என்றபடியே அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் தான் செய்தது உறைத்தது போல. கை திரையை மறைக்கப் போனது. அதற்குள் பெரியவள் பார்த்துவிட்டாள்.

முதலாவது அம்மாவின் மெத்தை. விடிவதற்கு முன்பிருந்து காலை வரை தினமும் காலி. பக்கத்தில் சிவப்பாக ஒரு அடையாளம். இரண்டாவது தம்பியின் மெத்தை. மூன்று மாதமாக, 'ஒருவர்'.

'வந்துருவா' என்று அவன் கியரை மாற்றியது நினைவுக்கு வந்தது. பெரியவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் திறந்துவிட்ட மாதிரி முகம் சுட்டது.

"மூடிடுங்கம்மா."

சின்னவன் அப்போதுதான் உள்ளே வந்தான். திரையில் இருந்ததைப் பார்த்தான். இரண்டாவது வரியைப் பார்க்காதது போல முதலாவதைக் காட்டினான்.

"பாத்தியா? தினம் விடியறதுக்கு முன்னாடியே அம்மா படுக்கையில இல்ல. முதல்ல சென்சார் கோளாறுன்னு நினைச்சேன். மூணு தடவை மாத்தியாச்சு. அதான் டாக்டர். ராத்திரித் துணைக்கு ஒரு ஆள் சொல்லியிருக்கேன். வாசக்கதவுக்கு வெளிப்பூட்டும் போடப்போறேன். இருட்டுல எங்கயாவது எழுந்து போயிட்டா?"

"அம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டா நல்லாத்தான் தூங்குறேன்னு சொல்லுவா. மெத்தை பொய் சொல்லாதுக்கா."

"அது பொய் சொல்லல. ஆள் இல்லைன்னு மட்டும் சொல்லுது. மிச்சத்தையெல்லாம் நீதான் சொல்றே."

மதியம் அவள் மட்டும் வீட்டுக்குப் போனாள். அம்மா கதவைத் திறந்தபோது, ஒரு நொடி வேறு யாரோ என்று பெரியவள் நினைத்தாள். அம்மா மெலிந்திருந்தாள். நிமிர்ந்து நின்றாள். கண் லேசாகச் சிவந்திருந்தது, ஆனால் நோயாளியின் கண் மாதிரி இல்லை. சாப்பாடு போட்டாள், பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள், மாப்பிள்ளையின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாள். சாப்பிட்டதும் பெரியவளுக்கு இமை சொக்கியது. அம்மாவின் அறைக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் படுத்தாள்.

"ஏண்டி, மெத்தை இருக்கும்போது கீழே படுக்கறே?"

"அது என்னையும் எழுதி வெச்சுக்கும்மா."

"எது?"

"மெத்தை."

அம்மா சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்தினாள். "என்னடி சொல்றே?"

பெரியவள் எழுந்து உட்கார்ந்தாள். "தம்பி உன்கிட்ட சொல்லலையா?"

"நல்ல மெத்தைன்னு சொன்னான். முதுகு வலிக்காதுன்னான். வலிக்கவும் இல்ல."

பெரியவள் சொன்னாள். சுருக்கமாக, பூசி மெழுகாமல் சொன்னாள். அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் மெதுவாக எழுந்து சுவரில் சாய்ந்து நின்றாள். ஜன்னல் திரை காற்றில் உப்பி, மறுபடி படிந்தது.

"அப்போ நான் விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கறது..."

"தெரியும்மா."

"எத்தனை பேருக்கு?"

"ஆபீஸ்ல அந்தத் திரையைப் பாக்கற எல்லாருக்கும். நானும் இன்னிக்குப் பாத்துட்டேன். பாத்திருக்கக் கூடாது."

அம்மா போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி நீவி மடித்தாள். மடித்து முடித்ததும் கேட்டாள்: "எங்க போறேன்னும் எழுதுமா?"

"இல்ல. எழுந்து போனது மட்டும்தான்."

"அந்தமட்டுக்கும் பிழைச்சேன்." முகம் கொஞ்சம் இளகியது. "நீ ஏன் கேக்கல, எங்க போறேன்னு?"

"உனக்குச் சொல்லணும்னு தோணினா சொல்லுவே."

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எழுந்திரு. வா."

இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கட்டடம். உள்ளே நுழைந்ததும் வெளிச் சத்தமெல்லாம் அறுந்து போனது. கண்ணாடிக் கூரை. அதன் கீழே நீளமான நீச்சல் குளம். தண்ணீரின் வெளிச்சம் சுவரிலும் தூண்களிலும் ஏறி ஏறி இறங்கியது. மதிய நேரம், குளத்தில் இரண்டு மூன்று பேர்தான். அவர்கள் பேசுவதெல்லாம் எதிரொலித்து, எந்தச் சொல் யாருடையது என்று தெரியாமல் மிதந்தது.

குளத்தின் கரையில் விசில் மாட்டிக்கொண்டு நின்ற பெண் திரும்பினாள். தம்பியின் மனைவி.

"அண்ணி!" என்றாள். நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பயப்படாதே. இவளை மெத்தை அனுப்பல, நான்தான் கூட்டிட்டு வந்தேன்," என்றாள் அம்மா. உடை மாற்றப் போய்விட்டாள்.

இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் நீச்சல் வீராங்கனை என்பது பெரியவளுக்கே மறந்து போயிருந்தது. இப்போது இங்கே சொல்லித் தருகிறாளாம். அவள் வீட்டை விட்டு வந்த மறு வாரமே அத்தை தேடிக்கொண்டு வந்துவிட்டாளாம். 'திரும்பி வான்னு கூப்பிட வரல, எனக்கும் சொல்லிக்கொடு' என்று நின்றாளாம். விடியற்காலையில் முதியவர்களுக்கென்று தனி வகுப்பு. அத்தை ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

"தம்பிக்கு ஏன் சொல்லல?"

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன் அண்ணி." அவள் காலால் தண்ணீரைத் தள்ளினாள். "எங்களுக்குள்ள சண்டைன்னு பெரிசா எதுவும் இல்ல. எனக்கு ராத்திரியில தூக்கம் வராது. எங்கம்மாவுக்கு உடம்பு முடியாம இருந்த சமயம். காலையில எழுந்ததும் அவர் போனைப் பாத்துட்டு, நேத்து நீ நிறையத் தடவை புரண்டிருக்கேன்னு சொல்லுவார். ஏன்னு கேப்பார் கேப்பார்னு நான் காத்திருப்பேன். ஒரு நாள்கூடக் கேக்கல. புதுத் தலையணை கொண்டுவந்து குடுத்தார்."

பெரியவள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அம்மா தண்ணீரில் இறங்கினாள். ஒவ்வொரு படியாக, பாதம் வைத்துப் பார்த்து இறங்கினாள். கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு பின்னால் சாய்ந்தாள். பெரியவள் பதறி எழுந்தாள். ஆனால் தண்ணீர் அம்மாவைத் தாங்கிக்கொண்டது. கைகள் விரிந்தன. நரைமுடி ஒரு பூவைப் போலப் பரவியது. முகம் மட்டும் மேலே. கூரை வழியே வந்த வெளிச்சம் அந்த முகத்தில் அசைந்துகொண்டிருந்தது. அப்பா போன பிறகு இவ்வளவு நிம்மதியாக அவளைப் பெரியவள் பார்த்ததில்லை. திரையில் சிவப்பாக எரியும் அந்த அடையாளத்துக்கு இதுதான் அர்த்தம்.

கிளம்பும்போது மருமகள் அம்மாவின் தலையைத் துவட்டிவிட்டபடி சொன்னாள்: "அத்தை, அவர் வாயைத் திறந்து கேட்டார்னா சொல்லுங்க. கேக்காம சொல்லாதீங்க."

மாலையில் ஒப்பந்தம் மேஜை மேல் தயாராக இருந்தது. சின்னவன் புதுச் சட்டை போட்டிருந்தான். பொறியாளப் பெண் கதவோரம் நின்றாள்.

"என்னக்கா, எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். கையெழுத்துப் போடாதேன்னு எழுதியிருக்கேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"ஜனங்க உன்கிட்ட தூங்கறதுக்குத்தான் மெத்தை வாங்கினாங்க. நீ எடுக்கறது அவங்களுக்குத் தெரியாது. முதல்ல ஒவ்வொருத்தரையும் கேளு. சரின்னு சொல்றவங்களோடதை மட்டும் வெச்சுக்கோ, அதுவும் பேர் இல்லாம. ஆள் எண்ணிக்கை எதுக்கும் உதவல, அதை இன்னிக்கே நிறுத்து. போன்ல விக்கறவங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது. இன்சூரன்ஸ்காரங்க கைக்கு இது போனா, நம்ம அம்மாவுக்கு நீ போடப்போற பூட்டை அவங்க ஊருக்கே போடுவாங்க."

"சுலபமாச் சொல்லிட்டே. இதை நம்பிப் புது யூனிட் ஆரம்பிக்கறேன்னு ஆளுங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" குரல் உயர்ந்தது. "அம்மாவைப் பத்தி நான் கவலைப்பட்டது தப்பா? அவ எங்க போறான்னு உனக்குத் தெரிஞ்சுடுச்சு, இல்ல? உன் முகமே சொல்லுது. சொல்லு!"

"தெரியும். அம்மா என்னை நம்பிக் காட்டினா. அதை உன்கிட்ட தூக்கிக் குடுக்க எனக்கு உரிமை இல்ல."

"நான் அவ பிள்ளை!"

"பிள்ளைதான். அதனாலதான் அவகிட்டயே கேக்கச் சொல்றேன்."

அவன் பேனாவை எடுத்தான். அப்போது கதவோரத்திலிருந்து பொறியாளப் பெண் பேசினாள்.

"சார், ஒண்ணு சொல்லலாமா? உங்க வீட்டு மெத்தைதான் முதல் திரையில வருது. பாக்கக் கூடாதுன்னு நினைச்சாலும் கண்ணுல படும். ரெண்டாவது மெத்தையில... எங்க எல்லாருக்கும் தெரியும் சார். அதனாலதான் மூணு மாசமா யாரும் உங்க வீட்ல எப்படி இருக்காங்கன்னு உங்ககிட்ட விசாரிக்கறதில்ல."

கீழே தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன.

சின்னவனின் காதுகள் சிவந்தன. இத்தனை நாளும் வீட்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்காததை, தன் மேல் உள்ள மரியாதை என்று நினைத்திருந்தான் போல. ஜன்னல் பக்கம் போய் நின்றான். கீழே ஆட்கள் தலைத்துணியை உதறிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார். இவனும் அசைத்தான்.

"அதை அழிச்சுடும்மா," என்றான் திரும்பாமலே.

"ரெண்டாவது மெத்தையா சார்?"

"எல்லாத்தையும். யாரைக் கேட்டு எடுத்தோம்?" கொஞ்சம் பொறுத்து, "அம்மாவோடதையும்," என்றான்.

இன்சூரன்ஸ் ஆளுக்குப் போன் போட்டான். இன்று இல்லை, வாங்கினவர்களைக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி பேச முடியும் என்றான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, போனைக் கீழே வைக்கும்போது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "இனிமே கூப்பிட மாட்டாங்களாம்," என்றான். துணைக்குச் சொல்லியிருந்த ஆளையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். டாக்டரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் அறையில் மெத்தை சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் ஒயர் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. அம்மா தரையில் போர்வை விரித்துக்கொண்டிருந்தாள். சின்னவன் நிலைப்படியிலேயே நின்றான். உள்ளே வர அனுமதி வேண்டும் என்பது போல நின்றான். பெரியவள் கூடத்தில் இருந்தபடியே பார்த்தாள்.

"அம்மா."

"ம்."

"நீ காலையில இருட்டோட எழுந்து... எங்கம்மா போறே?"

அம்மா போர்வையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இதைக் கேக்க உனக்கு இவ்வளவு நாளாச்சா?"

அவன் தலை குனிந்தான்.

"நீச்சல் கத்துக்கறேன்."

"நீயா!"

"ஏன், நான் மூழ்கிடுவேனா? நல்லா சொல்லித் தர்றா உன் பொண்டாட்டி."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அம்மா அவனுக்கு அவகாசம் கொடுத்தாள்.

"எப்படி இருக்காம்மா?"

"அதை அவகிட்டயே கேளு. காலையில என்கூட வா. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வாயை மூடிட்டு நில்லு. திரும்பி வந்துடுவான்னு எல்லாம் நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

அவன் உள்ளே வந்து போர்வையின் ஒரு நுனியில் உட்கார்ந்தான். பிறகு அப்படியே, சட்டையைக்கூட மாற்றாமல், அம்மாவின் பக்கத்தில் தரையில் சாய்ந்தான். அம்மா எழுந்து விளக்கை அணைத்தாள்.

அன்றிரவு அவன் தூங்கினானா, எத்தனை முறை புரண்டான் என்பது யாருக்கும் தெரியாது.